தங்கச்சி வாசிக்காத கடைசி வரி

எனக்கு என் தங்கச்சி மேல பொறாமை. இதை மூடி மறைச்சு என்ன ஆகப்போவுது? அவ நகை மேல இல்ல, அவ வீடு மேல இல்ல, அவ புருசன் அவ பேச்சைக் கேக்குதாரே, அது மேலகூட இல்ல. அவ கண்ணு மேல. அதுலயும் வலது கண்ணு எனக்கு வேண்டாம். இடது கண்ணு மேல மட்டுந்தான்.

எங்க அப்பா எங்க ரெண்டு பேருக்கும் பாகுபாடு இல்லாமக் கொடுத்துட்டுப் போன ஒரே சீதனம் கிட்டப்பார்வை. பள்ளிக்கூடத்துல எங்களுக்கு ஒரே பட்டப்பேரு, சோடாபுட்டி. பெரிய சோடாபுட்டி நான், சின்னது அவ. அப்ப பொறாமைப்பட ஒண்ணும் இல்ல. அவ ஸ்ரீவில்லிபுத்தூர்ல வாக்கப்பட்டு, கோர்ட்டுக்கு எதிர்ல டைப்பிங் சென்டர் வச்சிருக்கா. நான் ராஜபாளையத்துல வீட்டு முன்னறையில மிஷினைப் போட்டு ஜாக்கெட் தைக்கேன். ரெண்டு பொழப்புக்கும் கண்ணு இல்லாம ஒண்ணும் நடக்காது.

முதல்ல எனக்குத்தான் வந்துச்சு. மூத்தவ இல்லையா, எல்லாம் எனக்குத்தானே முதல்ல. ஒரு பங்குனி மாசம், கொக்கி வச்சுத் தைச்சுக்கிட்டிருக்கேன், இடது கண்ணு ஓரத்துல சுளீர் சுளீர்னு வெளிச்சம். வெல்டிங் கடையைத் தாண்டிப் போனா அடிக்குமே, அப்படி. மறுநாள் மூக்கோரமா, கீழேருந்து ஒரு கருப்பு நிழல் ஏறிச்சு. கண்ணாடியைத் துடைச்சேன், கண்ணைக் கழுவுனேன், போகல. ஊர்ல இருக்க கண் டாக்டர் லைட் அடிச்சுப் பாத்துட்டு, "கண்ணுக்குள்ள பின்னாடி இருக்க படலம் பிரியுதும்மா. இன்னைக்கே மதுரைக்குப் போயி அட்மிட் ஆகிருங்க"ன்னாரு.

இன்னைக்கேன்னா எப்படிப் போக? எங்க தெரு அம்மன் கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்டியாச்சு. காப்புக் கட்டிட்டா, பூக்குழி முடியற வரைக்கும் தெருக்காரங்க யாரும் ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பகல்ல எங்க வேணும்னாலும் போகலாம், விளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வந்துரணும். எங்க வீட்டுக்காரர் மில்லுக்குப் போறவரு. வருசா வருசம் பூக்குழி இறங்குவாரு. அவர் கையில மஞ்சக் காப்பு கட்டியிருக்கு. எங்க மாமியார் கேட்டாக, "வலிக்குதா?" இல்லைன்னேன். "தண்ணி வடியுதா?" இல்லைன்னேன். "பொறவு என்ன? பொங்கல் முடியட்டும், போலாம்." எங்க வீட்டுக்காரரும் சரின்னாரு. நானும் தலையை ஆட்டுனேன். வலிக்காத ஒரு சீக்குக்காக யாரு காப்பை மீறிப் போவா?

பூக்குழி அன்னைக்குக் கூட்டத்துல நின்னுக்கிட்டு வலது கண்ணைக் கையால பொத்திப் பாத்தேன். நெருப்பு இல்ல. எங்க வீட்டுக்காரர் இல்ல. ஓரத்துல, கூட்டத்துக்கு மேல கட்டியிருந்த சீரியல் லைட்டு மட்டும் மினுக்குது.

மதுரையில டாக்டர் பாத்துட்டுச் சொன்னாரு: "மையப் பகுதியும் விலகிருச்சும்மா. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்." சத்தம் போடல, திட்டல. அந்தக் 'கொஞ்சம் முன்னாடி' மட்டும் என் நெஞ்சுக்குள்ள உக்காந்துக்கிச்சு. ஆபரேஷன் பண்ணி, படலத்தை ஒட்ட வச்சு, அது மறுபடி பிரியாம இருக்கக் கண்ணுக்குள்ள எண்ணெயை நிரப்பி அனுப்புனாங்க. வீட்டுக்கு வந்து ராவும் பகலும் குப்புறப் படுக்கணும். முகத்தைத் தூக்கப்படாது.

அந்த நாள்ல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சிமெண்டுத் தரையும் வந்தவங்க பாதமும்தான். நலம் விசாரிக்க வாரவுகளை மெட்டியை வச்சுக் கண்டுபிடிப்பேன். ஆப்பிள், ரொட்டி, ஹார்லிக்ஸ் எல்லாம் தலைக்கு மேல எங்கயோ வந்து இறங்கும். என் தங்கச்சி மட்டும் வந்த உடனே கட்டிலுக்குக் கீழ நுழைஞ்சு, சேலை அழுக்காவுதேன்னு பாக்காம, தரையில மல்லாக்கப் படுத்துக்கிடுவா. கட்டில் விளிம்புல தொங்குற என் முகத்துக்கு நேரா அவ முகம். "இப்பப் பேசுக்கா"ம்பா.

நானும் பேசுனேன். வேற என்ன பேச? என் கண்ணைப் பத்தித்தான். வெளிச்சம் எந்தப் பக்கம் அடிச்சது, கொசு பறக்க மாதிரி கருப்புப் புள்ளி எப்ப வந்துச்சு, நிழல் எப்படி ஏறிச்சு, டாக்டர் என்ன சொன்னாரு, எல்லாம். அவ கண்ணு கொட்டாமக் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தா. இப்ப நினைச்சா, டியூசன் எடுத்திருக்கேன்.

ரெண்டு வருசம் கழிச்சு அவளுக்கும் வந்துச்சு. அதே இடது கண்ணு, அதே வெளிச்சம். டைப் அடிச்சுக்கிட்டிருந்தவ பாதிப் பத்திரத்துல கையை எடுத்துட்டு, மிஷினுக்கு உறைகூடப் போடாம மதுரை பஸ்ஸுல ஏறிட்டா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல அவளைக் கட்டிப் போட ஒரு காப்பும் இல்ல. அன்னைக்கே சேத்துக்கிட்டாங்க, மறுநாள் ஆபரேஷன். படலம் பிரிய ஆரம்பிச்சிருந்தாலும் நடுவுக்கு இன்னும் வரல. அவகிட்ட அதே டாக்டர் சொன்ன வார்த்தை: "நல்ல நேரத்துல வந்தீங்க."

அவளுக்கு எண்ணெய்கூட இல்ல, கேஸ்தான் ஏத்துனாங்க. அது தன்னால கரைஞ்சு போயிருமாம். "கேஸ் இருக்கும்போது பிளேன்ல போகப்படாது, மலை ஏறப்படாதாம்க்கா, கொடைக்கானலுக்கு டூர் போட்டிருந்தோம், கேன்சல்"னு சொல்லிச் சிரிக்கா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. உசிரு போற மாதிரி குப்புறக் கிடந்தவ நான், இவளுக்குக் கொடைக்கானல் போகலைன்னு கவலை!

இதெல்லாம் நடந்து வருசம் பல ஆயிருச்சு. ஆபரேஷன் பண்ணுன கண்ணு பொறவு என்ன ஆவுதுன்னு யாரும் முழுசாச் சொல்றதில்ல. நான் சொல்லுதேன். எனக்கு எண்ணெயை எடுக்க ஒரு ஆபரேஷன், பொறவு புரை விழுந்து அதுக்கு ஒரு ஆபரேஷன், கண்ணுல அழுத்தம் ஏறாம இருக்க இன்னைக்கு வரைக்கும் ராத்திரிச் சொட்டு மருந்து. படலம் என்னவோ ஜம்முனு ஒட்டியிருக்கு. ஒவ்வொரு வருசமும் லைட் அடிச்சுப் பாத்துட்டு, "நல்லா ஒட்டியிருக்கும்மா, ஆபரேஷன் நல்ல ரிசல்ட்"ம்பாங்க. ஆனா அந்தக் கண்ணால மட்டும் பாத்தா கதவு நிலை இடுப்பொடிஞ்சு நிக்கும். எங்க வீட்டுக்காரர் முகம் சுருங்கி, ஒரு புருவம் மேல போயிருக்கும். சிவப்புச் சேலை வெளுத்த சேலையாத் தெரியும். டம்ளர்ல காப்பி ஊத்துனா பாதி வெளிய. ஊசியில நூல் கோக்க வலது கண்ணு ஒண்ணுதான் மிச்சம். அது போனா மிஷினும் இல்ல, ஒண்ணும் இல்ல.

அவளுக்கும் கொஞ்ச வருசத்துல புரை விழுந்துச்சு. ரெண்டு கண்ணுலயும் எடுத்துட்டு, பவருக்குத் தக்கன லென்ஸா வச்சு விட்டுட்டாங்க. விளைவு என்ன தெரியுமா? சோடாபுட்டி போச்சு! வாசிக்க மட்டும் மெல்லிசா ஒரு கண்ணாடி. அது இல்லாத நேரத்துல அவளுக்கு இப்படி ஒரு கண்ணு இருந்துச்சான்னு எனக்கே அப்பத்தான் தெரிஞ்சது. ஒரு கல்யாண வீட்டுல யாரோ கேக்காக, "உந்தங்கச்சிக்கு எம்புட்டு அழகான கண்ணு, உனக்கு ஏன் இப்படி?" சாம்பார் வாளியைத் தூக்கிக் கேட்டவ தலையில கவுத்துருவோமான்னு இருந்துச்சு.

என் கண்ணைப் பாத்துப் பாடம் படிச்சவ அவ. என் கண்ணைக் கொடுத்துத்தான் அவ கண்ணு மிஞ்சிச்சு. ஆனா ஊர்ல எல்லாரும் அவளைத்தான் சூட்டிகைன்னாக. "அவ பாரு, டக்குனு கிளம்பிப் போயிட்டா." அப்ப நான் யாரு? மக்குப் பொம்பளையா?

வருசத்துக்கு ஒருக்க ரெண்டு பேரும் சேந்துதான் மதுரைக்கு செக்கப்புக்குப் போவோம். நான் ராஜபாளையத்துல ஏறுவேன், அவ ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவாப் பொட்டலத்தோட ஏறுவா. ஆஸ்பத்திரியில ஒரே அறையில உக்கார வச்சுத்தான் எழுத்து வாசிக்கச் சொல்லுவாங்க. நான் இடது கண்ணுக்கு முதல் எழுத்தோட சரி. ரெண்டாவது வரியில எல்லாம் புழு நெளியும். பொறவு அவ. ட, ப, ரன்னு ஆரம்பிச்சு வரிவரியா இறங்குவா. நான் பெஞ்சுல உக்காந்து, சேலைத் தலைப்பைத் திருகிக்கிட்டுக் கேப்பேன். கடைசி வரிக்கு வந்ததும் நிப்பாட்டிருவா. "அது வரலைங்க. மங்கலா இருக்கு"ம்பா.

ஐயோ, அந்த ஒரு வார்த்தை! ஒரு வருசம் பூரா கிடந்த எரிச்சலுக்கு அதுல ஒரு சொட்டுத் தண்ணி. அப்ப அவளுக்கும் எல்லாம் சரியா இல்ல, அவளுக்கும் ஒரு வரி போயிருக்கு! வெளிய வந்து, "அதனால என்ன ஏட்டி, கடைசி வரி யாருக்குத்தான் தெரியும்?"னு அவளுக்கு ஆறுதல் வேற சொல்லுவேன். திரும்பி வரும்போது பஸ்ஸுல தின்னுற பால்கோவா மாதிரி வேற என்னைக்கும் இனிச்சதில்ல. அசிங்கந்தான். ஆனா இனிச்சது.

போன பங்குனிக்கு வாரேன். தெருவுல காப்புக் கட்டியாச்சு. எங்க வீட்டுக்காரர் கையில மஞ்சக் காப்பு. நான் மிஷின் பக்கத்துல உக்காந்து ஜாக்கெட்டுக்குக் கை வட்டம் வெட்டிக்கிட்டிருக்கேன். சுளீர்னு ஒரு வெளிச்சம். வலது கண்ணு.

கத்திரியை வச்சுட்டேன். கண்ணை மூடித் தொறந்தேன். மறுபடியும் சுளீர். கொசுக் கூட்டம் மாதிரி புள்ளி வேற இறங்குது. எனக்கு யார்கிட்டச் சொல்லணும்னு தோணுச்சுன்னு நினைக்கிய? அடுத்த அறையில இருக்க புருசன்கிட்ட இல்ல. அவகிட்டத்தான். ஆனா போனைக் கையில எடுத்துட்டு செத்த நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அவகிட்டயா? என் கண்ணுக்கு நான் போயி அவகிட்டயா கேக்கணும்? வீம்பு பாத்தா நூல் கோக்க கண்ணு இருக்காதுன்னு வலது கண்ணு இன்னொரு தடவை வெட்டிச்சு. போனை அடிச்சுட்டேன்.

"எந்தப் பக்கம்க்கா? நிழல் ஏறுதா? இல்லையா? சரி, தலையை ஆட்டாம உக்காரு. பாரம் தூக்காத. வாரேன்." அம்புட்டுத்தான் பேசுனா.

மதுரைக்குப் போற வண்டி அவ ஊர் வழியாத்தான் போகணும். நான் பஸ் ஏறியிருந்தா அவ அங்க நின்னு ஏறிக்கிட்டிருக்கலாம். ஆனா அவ ஒரு காரைப் பிடிச்சுக்கிட்டு எதிர்த் திசையில என் வாசலுக்கு வந்து நின்னா. எங்க மாமியாருக்கு இப்ப காது மந்தம், ஆனாலும் விசயம் புரிஞ்சு போச்சு. "காப்புக் கட்டியிருக்கே, ராத்தங்க வேண்டி வந்தா..."ன்னு இழுத்தாக. எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு வந்து என் பையைத் தூக்கிக் கார்ல வச்சாரு. "காப்பு என் கையிலதான் இருக்கு, அவ கண்ணுல இல்ல. போயிட்டு வரட்டும்"னாரு.

நான் அவரையே பாத்தேன். இந்த வார்த்தை இத்தனை வருசமா எங்க இருந்துச்சு? அன்னைக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாதா, மனுசா? வாய் வரைக்கும் வந்துச்சு. அவரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே கார்க் கதவைச் சாத்துனாரு.

கிருஷ்ணன்கோவில்ல காலேஜ் பஸ்ஸுங்க வரிசையா மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. என் தங்கச்சி கார்க் கண்ணாடியை இறக்கி, தலையை வெளிய நீட்டி, "ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி, வழி விடுங்க!"ன்னு கோர்ட்டு வாசல் சத்தத்துல கத்துனா. வழி முச்சூடும் என் கையை விடல.

டாக்டர் பாத்தாரு. மருந்து விட்டு, மல்லாக்கப் படுக்க வச்சு, தலையில மாட்டுன லைட்டால மூலை முடுக்கெல்லாம் துழாவுனாரு. "ஒரு இடத்துல கிழிஞ்சிருக்கு. படலம் இன்னும் பிரியல. லேசர் போட்டுரலாம், ராத்தங்க வேண்டாம், சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம்"னாரு. பொறவு சொன்னாரு, "நல்ல நேரத்துல வந்தீங்க."

அந்த வார்த்தை! என் தங்கச்சிகிட்ட இருந்து பிடுங்கிக்கிடணும்னு இத்தனை வருசமா நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. எனக்கே கிடைச்சுருச்சு. அழுதுட்டேன். லேசர் போடும்போது அழுகாதீங்கம்மான்னு நர்ஸம்மா சத்தம் போட்டாங்க. பச்சை வெளிச்சம் பொட்டுப் பொட்டா விழுந்துச்சு. துணி கிழிஞ்சா அது மேக்கொண்டு கிழியாம சுத்தி ஓட்டுத் தையல் போடுவோமே, அதே வேலைதான்.

முடிச்சுட்டு, "கண்ணை மூடிக்கிட்டு செத்த நேரம் உக்காருங்க"ன்னு ஒரு திரைக்குப் பின்னாடி நாற்காலியில உக்கார வச்சாங்க. திரைக்கு அந்தப் பக்கம்தான் எழுத்து வாசிக்கிற இடம். "வந்தது வந்தாச்சு, உங்களுக்கும் செக்கப் தேதி நெருங்கிருச்சு, பாத்துருவோமா?"ன்னு யாரையோ கேக்காங்க. "சரிங்க. அக்கா இன்னும் லேசர் ரூம்லதானே?" என் தங்கச்சி குரல். ஆமான்னுட்டாங்க.

அவ வாசிக்க ஆரம்பிச்சா. இடது கண்ணு. வழக்கம்போல வரிவரியா இறங்குதா. நான் பழக்க தோசத்துல தலைப்பைத் திருகுதேன். கடைசி வரி வந்துச்சு. நிக்கலை. தண்ணி ஓடுற மாதிரி ஓடிப்போயி, கடைசி எழுத்து வரைக்கும் வாசிச்சுட்டுத்தான் நிப்பாட்டுனா.

வாசிக்க வைக்கிற நர்ஸம்மாவுக்கே ஆச்சரியம். "எப்பவும் கடைசி வரி வரலைன்னுதானே சொல்லுவீங்க?"

என் தங்கச்சி குரலைத் தாழ்த்திக்கிட்டா. "எப்பவும் தெரியும்ங்க. பக்கத்துல எங்க அக்கா உக்காந்திருக்கும். அதுக்கு ரெண்டாவது வரியே வராது, பாவம்."

பாவமா? யாரு, நானா? எனக்கு உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிஞ்சது. இத்தனை வருசம் நான் தின்னு தின்னு சந்தோசப்பட்ட அந்த ஒத்த வரியும் அவ எனக்குப் போட்ட பிச்சை! அவ கண்ணு நல்லா இருக்குன்னு பொறாமைப்பட்டது போக, இப்ப அவ மனசு மேல வேற பொறாமைப்படணுமா? நான் அவ இடத்துல இருந்திருந்தா கடைசி வரியைத் தெருவுக்கே கேக்க வாசிச்சிருப்பேன். அது எனக்கு நல்லாத் தெரியும். அதுதான் இன்னும் எரிஞ்சது.

திரும்பி வரும்போது பொழுது சாயுது. மருந்து விட்ட கண்ணுல எதிர்ல வார லைட்டெல்லாம் பூசணிப்பூ மாதிரி விரிஞ்சு தெரியுது. விளக்கு வைக்கிறதுக்குள்ள ஊர் எல்லைக்குள்ள போயிரணும்னு தங்கச்சி டிரைவர்கிட்டச் சொல்லிக்கிட்டு வந்தா. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் இறங்காம, "உன்னைக் கொண்டு விட்டுட்டு வாரேன்"னு கூடவே உக்காந்துக்கிட்டா. பையில இருந்து பால்கோவாவை எடுத்து நீட்டுனா. நான் வாங்கல.

"உனக்கும் இன்னைக்குப் பாத்தாங்களா?"ன்னு கேட்டேன்.

"பாத்தாங்கக்கா."

"கடைசி வரி?"

அவ சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. "எங்கக்கா... அதே மங்கல்தான்."

நாக்கு நுனியில என்னென்னமோ வந்துச்சு. பொறவு சொன்னேன்: "ஏட்டி, அடுத்த வருசம் உன்னை வாசிக்கச் சொல்லும்போது நான் வெளிய போயி உக்காந்துக்கிடுதேன். நீ பூராவும் வாசிச்சுட்டு என்னைக் கூப்பிடு."

அவ சட்டுனு திரும்பிப் பாத்தா. என் தோளுல தலையைச் சாச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டா. நான் பால்கோவாப் பொட்டலத்தை அவ கையில இருந்து வாங்கி மடியில வச்சுக்கிட்டு அவளைப் பாத்தேன். எனக்கு ரெண்டு கண்ணும் மங்கல். அந்த மங்கல்லயும், அழுதுக்கிட்டிருக்கும்போதுகூட, அவ கண்ணு அம்புட்டு அழகா இருக்கு, சண்டாளி.